வஞ்சிரத்துக்கு இடம்

எங்கள் கடலோர ஊர் சுகாதார நிலையத்தில் மரியசெல்வம் அட்டெண்டர். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோயாளியை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதிகாரியைக் கண்டால் மட்டும் முதுகு தானாக வளையும்.

எண்பத்தாறில் போலியோ சொட்டு மருந்து வைக்க ஒரு ஃபிரிட்ஜ் வந்தது. அதைப் பார்வையிட காரைக்காலிலிருந்து பெரிய டாக்டர் வருகிறார் என்றார்கள். அன்று காலையிலேயே மரியசெல்வம் கரைக்கு ஓடி முழு வஞ்சிரம் ஒன்றை வாங்கிவந்தார். மருந்துக் குப்பிகளை எடுத்து வெயிலடிக்கும் ஜன்னலில் வைத்துவிட்டு, மீனை ஃபிரிட்ஜுக்குள் படுக்கவைத்தார்.

நர்ஸ் லூர்தம்மாள் பதறிப்போனாள். "அண்ணே, மருந்து கெட்டுடும்ணே!"

"கெட்டா நாறாதா? மீன்காரன் வீட்டுப் புள்ளை எனக்கே கெட்டுப்போறதைப் பத்தி நீ சொல்லித் தர்றியா?"

சாயங்காலம் ஜீப் வந்தது. மீன் ஜீப்பில் ஏறியது, குப்பிகள் ஃபிரிட்ஜுக்குத் திரும்பின. பெரிய டாக்டர் திறந்து பார்த்து, "வெரிகுட்" என்று மரியசெல்வத்தின் தோளைத் தட்டினார். லூர்தம்மாள் சொல்ல வந்ததைக் கேட்க அவருக்கு நேரமில்லை. வீட்டுக்கு அவசரம்.

மறுநாள் அந்த மருந்தைத்தான் ஊர்ப் பிள்ளைகள் வாய் திறந்து வாங்கிக்கொண்டன. அரசாங்கம் கொடுத்த ஃபிரிட்ஜ் கெடாமல் காப்பாற்றியது அந்த வஞ்சிரத்தை மட்டும்தான்.