ருசி பார்க்காமல் சமைத்தவள்

எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டரம்மா சொன்னபோது என் வயது முப்பத்தெட்டு. முதலில் வந்தது பயமில்லை, கோபம். ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவளைப் பார்த்து இனிப்பைத் தொடாதே என்றால் என்ன அர்த்தம்? வருஷத்தில் பாதி நாள் உற்சவம். எந்த வீட்டிலிருந்து எப்போது எந்தக் கிண்ணம் வரும் என்று சொல்ல முடியாது. அதுவும் எங்கள் தெருவில் அக்காரவடிசல் என்றால் என் கைதான். பாலிலேயே அரிசியைக் குழைய வைத்து வெல்லமும் நெய்யும் விட்டுக் கிளறும் அந்தப் பொங்கலுக்காக, மூன்றாவது வீட்டு மாமி தன் பெண் கல்யாணத்தில் சமையல்காரரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

இது அறுபதுகளின் தொடக்கத்தில். என் கணவர் திருச்சி ஜங்ஷனில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தினம் ஊசி போட வேண்டும், தினம் காலையில் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறம் வந்தால் ஆபத்து.

"இந்தக் கண்றாவியெல்லாம் நான் தொடமாட்டேன். பெருமாளுக்கு மடியா தளிகை பண்றவ நான்" என்று சொல்லிவிட்டேன். குளித்து, தனியாக உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, யார் மேலும் படாமல் சமைக்கிறவளுக்கு அது நல்ல சாக்கு.

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

அன்றிலிருந்து தினம் நான்கரை மணிக்கு எழுந்தார். இரவே நான் கிணற்றடியில் வைத்துவிடும் குப்பியை எடுத்து, விளக்கேற்றி, குழாயைக் காய்ச்சி, நிறத்தைக் காலண்டர் சீட்டின் பின்னால் எழுதிவைப்பார். ஊசியை வென்னீரில் கொதிக்கவைத்து எனக்குப் போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவார். ஜபம், சாப்பாடு முடித்து எட்டு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். எங்கள் மாதிரி வீட்டில் எந்த ஆண்பிள்ளை இதைச் செய்வான்? எனக்கு அப்போது இது பெரிதாகவே படவில்லை. அவர் செய்தார், நான் செய்யவிட்டேன்.

நான் வாயையும் கட்டவில்லை. பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணிய பிறகு அது பிரசாதம், பிரசாதம் உடம்பை என்ன செய்யும் என்று ஊரே சொல்லிற்று. எனக்குச் சௌகரியமாக இருந்ததால் நானும் நம்பினேன். மறுநாள் குழாய் செங்கல் நிறம் காட்டும். கொல்லைக் கதவருகில் வந்து நிற்பார்.

"நேத்திக்கு ஏதாவது சாப்பிட்டியா?"

"ஒண்ணுமில்லை. உங்க மருந்துதான் கெட்டுப்போயிருக்கும்."

அதையும் நம்பி டவுனுக்குப் போய்ப் புது மருந்து வாங்கி வந்தார். புது மருந்தும் அதே நிறத்தைத்தான் காட்டிற்று. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை, முகம்தான் வாடிப்போயிற்று. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இனிப்பை விட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நான் அதைவிடச் சுலபமான வழி ஒன்று கண்டுபிடித்தேன். குப்பியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, நிறத்துக்கு ஒரு சொட்டு காபி டிகாக்ஷன் விட்டு வைத்தேன்.

மறுநாள் குழாயைத் தூக்கிக்கொண்டு அடுக்களை வாசல்வரை ஓடி வந்தார். "நீலம்! இதோ பாரு, நீலம்!" அன்று ஆபீசுக்குப் போகும் முன் தாயார் சன்னிதிக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்தார். பிறகு தினமும் நீலம்தான். சீட்டுகளையெல்லாம் அடுக்கிக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டினார். டாக்டரம்மா பாராட்டி, ஊசி மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுத்தார். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசியில் அடுக்களைப் படியில் வலது கால் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் ஆபத்து என்று எனக்குத் தெரியாது. பத்து நாளில் விரல் கறுத்துவிட்டது. டாக்டரம்மா காலைப் பார்த்தார், ரத்தத்தைச் சோதித்தார், பிறகு என் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு சர்க்கரையை வெச்சுக்கிட்டு தினமும் எப்படிங்க நீலம் வரும்? ஒரு கலர் பார்க்கத் தெரியாதா உங்களுக்கு?"

அவர் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "என் கண்ணுலதான் ஏதோ கோளாறு போலிருக்கு" என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்கு நாலாகப் பேசுகிற நான் அன்று புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். "விரலோட போச்சு. இப்படியே விட்டா அடுத்தது பாதம், அப்புறம் முழங்கால்" என்றார் டாக்டரம்மா. காவேரிக்கும் கோவிலுக்கும் நடந்துகொண்டிருந்தவள், போர்வைக்குள் காலை ஒளித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுக் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு, பெரிய கடைவீதியில் செய்யக் கொடுத்திருந்தாராம்.

"பெருசா ஒண்ணுமில்லையாம். ஆனாலும் கேட்டுப் போட்டுண்டுட்டேன். இனிமே நிறம் தப்பாது" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீரையும் டிகாக்ஷனையும் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன்.

"எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு மாசமா."

கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்துக்கொண்டு வெளியே போனார். இனி என் முகத்தில் விழிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மாவோடு திரும்பி வந்தார். "அவாளுக்கு உண்மை தெரிஞ்சாத்தானே வைத்தியம் பண்ண முடியும். நீயே சொல்லு" என்றார். சொன்னேன். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். "ஐயோ, அதெல்லாம் எதுக்கு" என்று அவர் கூச்சத்தில் நெளிந்தார்.

அன்று படுத்துக்கொண்டு யோசித்தேன். இருபது வருஷமாகப் பெருமாளுக்குச் சமைக்கிறேன். கண்டருளப் பண்ணும்வரை ஒரு துளிகூட நாக்கில் வைத்ததில்லை. உப்போ வெல்லமோ, எல்லாம் கண்ணாலும் வாசனையாலும் பார்க்கிற அளவுதான். பசி வயிற்றைக் கிள்ளும், கரண்டி கையில் இருக்கும், காவலுக்கு யாரும் கிடையாது. ஆனாலும் தொட்டதில்லை. அப்படியென்றால் இந்த நாக்கு நான் சொன்னதைக் கேட்கிற நாக்குதான். படைத்து மணி அடித்ததும் அதை அவிழ்த்துவிட்டவள் நான். எனக்காகக் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்திருந்த மனிதருக்காக அதைக் கொஞ்சம் கட்டிவைக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு தைரியமும் வந்தது. இது எனக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மார்கழி பிறந்திருந்தது. கூடாரையன்று, ஊரெல்லாம் அக்காரவடிசல் பண்ணுகிற நாள், மூன்றாவது வீட்டு மாமி கிண்ணம் நிறைய நெய் மிதக்கக் கொண்டு வந்தாள்.

"பிரசாதம், வேண்டாம்னு சொல்லப்படாது."

ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமி."

முன்பெல்லாம் ஒரு கிண்ணத்தை விழுங்கிவிட்டு அடுத்தது எங்கே என்று பார்ப்பேன். அதில் பச்சைக் கற்பூரம் இருப்பதே அன்றைக்குத்தான் நாக்குக்குத் தெரிந்தது. யார் வீட்டுக் கிண்ணம் வருகிறது என்று நாள் முழுக்க வாசலிலேயே கிடந்த என் காது அன்று சும்மா இருந்தது. கட்டவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. பிறகு கட்டுப்போட்ட காலை ஊன்றி அடுக்களைக்கும் கூடத்துக்கும் நாலு தடவை நடந்தேன். மிச்சம் ஒன்பது விரல் இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

தையில் கட்டைப் பிரித்தார்கள். மறுநாள் அவருக்கு முன்னால் எழுந்து, பழைய புடவையோடு கொல்லைக்குப் போய் நானே விளக்கை ஏற்றினேன். மடி எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. பிறகு இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டால் தீர்ந்தது. வழக்கப்படி நான்கரைக்கு அவர் கொல்லைக் கதவருகில் வந்து நின்றார்.

"பச்சை" என்றேன்.

"பச்சையா? பரவாயில்லையே, நேத்திக்கு மஞ்சள்னா" என்று குழாய்க்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"இனிமே இது என் வேலை. ஊசியும் நானே போட்டுப்பேன், நர்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கா. நீங்க போய்ப் படுத்துக்கோங்கோ."

"படுத்துண்டு என்ன பண்றது?"

"தூங்குங்கோ."

புரியாதவர் மாதிரி நின்றார். அவரிடம் இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு. அதற்கெல்லாம் எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் வார்த்தை கிடையாது. "போங்கோன்னா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு ஊசியை எடுத்து வென்னீரில் போட்டேன். அவர் உள்ளே போனார்.

குளித்து, சமையல் முடித்து வந்து பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எட்டு மணி ரயில் ஸ்டேஷனில் கூவியது. எனக்கு அவரை எழுப்ப மனம் வரவில்லை.