பத்தொன்பது தையல்

1944 நவம்பர் 22: கடலில் மூன்றாம் நாள்.
1951 மார்ச் 6: பழைய விமானச் சுக்கான் ஒன்று, 85 ரூபாய்.
1951 ஏப்ரல் 14: கயிற்றில் முடிச்சுகள், 233.
1951 ஏப்ரல் 16: எரித்த துணி, சுமார் 20 கெஜம்.
1951 மே 9: புதுத் துணி 22 கெஜம், 61 ரூபாய் 8 அணா.
1951 ஆகஸ்டு முதல்: அனுப்பிய கடிதங்கள் 3. தபால் செலவு, 2 ரூபாய் 4 அணா.

காசிமேட்டுக் கோதண்டத்தைப் பற்றி என்னிடம் உள்ள குறிப்புகளின் சுருக்கம் இது. அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் பண்டசாலை எழுத்தராக இருந்தேன். கோதண்டம் மசூலாப் படகு தைப்பவர். மசூலாவில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால்தான் தைப்பார்கள். ஒருவர் படகுக்கு உள்ளே, ஒருவர் வெளியே. துளை வழியாகக் கயிறு போய்ப் போய் வரும். தையல் இல்லாத நாட்களில் சிறு கட்டுமரத்தில் தனியாக நெத்திலிக்குப் போவார்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் காற்று அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு இரவுகள் மரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் காலை கடல் அடங்கியபோது, புழல் ஏரியில் இருந்து யுத்த ரோந்துக்குப் புறப்படும் கடல்விமானங்களில் ஒன்று அவரைக் கண்டு நீரில் இறங்கியது. படகு போன்ற அடிப்பாகமும் அதன் மேலே பரந்த இறக்கையும் கொண்ட விமானம் அது. கட்டுமரம் அதன் வாலுக்கடியில் போய் முட்டியதும், ஏதோ கிழிகிற சத்தம் கேட்டதும், யாரோ கையைப் பிடித்ததும் மட்டுமே அவருக்கு நினைவில் இருந்தன. புழல் ஏரியில் இறக்கிவிடும்போது ஓர் இளம் சிப்பாய் பென்சிலால் தன் பெயரையும் ஊர் முகவரியையும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தான். நார்மன் பெல் என்று இருந்தது.

குப்பத்தில் ஒருவரும் நம்பவில்லை. புழலிலிருந்து மாதவரம் வழியாக அவர் நடந்தே வந்திருந்தார். எண்ணூரில் கரையேறியிருப்பார், எங்கேயோ குடித்துக் கிடந்திருப்பார் என்றார்கள். அட்டையைக் காட்டினால், "இத்த மூர் மார்க்கெட்ல கட்டு கட்டா விக்கறான்" என்றார்கள். ஆகாசக் கோதண்டம் என்ற பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. நம்பியவர் அவர் மனைவி கன்னியம்மா ஒருவர்தான்.

சுப்பராயன் மேஸ்திரி யுத்த காலத்தில் புழலில் அந்த விமானங்களுக்குப் பழுது பார்த்தவர். சண்டை முடிந்ததும் அவற்றை உடைத்து எடைக்குப் போட்டதை அவரால் தாங்க முடியவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கொட்டகை எடுத்து, கிடைத்த பாகங்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தார். என் பட்டறை வேலை முடிந்ததும் அங்கே போய்க் கணக்கு எழுதிக் கொடுப்பேன். ஒரு எஞ்சின், ஒரு மிதவை, இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். அவருக்கு ஒரே விதி. எது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். நிரூபிக்க முடியாத எதற்கும் 'மாதிரி' என்று பலகை தொங்கும். அரைக்கால் அங்குல ஆணி மாறியிருந்தாலும் மாதிரிதான்.

தண்டையார்பேட்டையில் பழைய இரும்பு விற்ற காஜா மொய்தீனிடம் சுக்கான் கிடைத்தது. விமானத்தின் வாலில் நிமிர்ந்து நிற்கும் பாகம். இரண்டு ஆள் உயரம். உள்ளே அலுமினிய விலா எலும்புகள், வெளியே துணிப்போர்வை. துணி மக்கியிருந்தது. அதைப் பிரித்துப் புதுத் துணியை விலாவோடு சேர்த்துத் தைக்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். மேஸ்திரி கோதண்டத்தை அழைத்தார்.

கோதண்டம் கொட்டகைக்குள் வந்தவர் சுக்கானைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். அதை ஒருமுறை சுற்றி வந்தார்.

"என்னத் தூக்குனது இதுவா, நைனா?" என்றார் பிறகு.

"தெரியாது. புழல்ல இருவது ப்ளேன் இருந்துது. நம்பர் தகட்ட எல்லாம் பேத்து எடுத்துட்டானுங்க" என்றார் மேஸ்திரி. "துணி மேல பாதி அழிஞ்ச எழுத்து ஒண்ணு கீது. அத்த வெச்சி விசாரிக்கலாம். பாத்துப் பிரி."

தன்னைத் தூக்கியது இதுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அன்றிலிருந்து கோதண்டத்தின் ஒரே கவலையாயிற்று.

இரண்டு நாள் அவர் கத்தியைத் தொடவே இல்லை. நீளமான ஒரு கயிற்றை ஒவ்வொரு தையல் வரிசையிலும் பிடித்து, தையல் வரும் இடத்தில் எல்லாம் ஒரு முடிச்சுப் போட்டார். படகு தைப்பவர்கள் அளவை எழுதி வைப்பதில்லை, கயிற்றில்தான் வைப்பார்கள். வரிசை மாறும் இடத்தில் சிவப்பு நூல் ஒன்று. பிறகு துணியைப் பிரித்தார். புதிதாக ஒரு கிழிசலும் விழாமல் பிரித்தார். பிரித்ததைச் சுருட்டித் தோளில் வைத்துக் காசிமேட்டுக் கரைக்குக் கொண்டுபோய், சூடம் ஏற்றி, எரித்துவிட்டார்.

மசூலாவைப் புதிதாகத் தைக்கும்போது பழைய கயிற்றை அன்றே கரையில் எரித்துவிட வேண்டும். பழையது கண்ணில் இருக்கப் புதுத் தையல் போடக்கூடாது. நூறு படகுக்குச் செய்ததை இதற்கும் செய்தார்.

மறுநாள் மேஸ்திரி வெறும் எலும்புக்கூட்டைப் பார்த்தார்.

"துணி எங்கய்யா?"

"எரிச்சாச்சி, நைனா. சூடம் காட்டித்தான் எரிச்சேன்."

"எழுத்து அதுல இல்ல இருந்துது?"

"துணி இன்னா நைனா, கட்டிகினு அவுக்கறதுதானே. எலும்புதான் ப்ளேனு."

மேஸ்திரி மிதவையின் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. "நீ தேடுன ப்ளேன் பேர நீயே கொளுத்திட்டு வந்து நிக்கற" என்றார். அப்போதுதான் கோதண்டத்துக்கு விளங்கியது. அவர் முகம் போன போக்கை எழுத எனக்கு அளவு தெரியவில்லை.

மிஞ்சியது கயிறுதான். நான் அதைத் தரையில் விரித்து, எலும்புகளின் மேல் வைத்து, அடிக்கோலால் சரிபார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் போட்ட இருநூற்றுப் பதினான்கு முடிச்சுகள் விலா எலும்புகளின் மேல் அதனதன் இடத்தில் விழுந்தன. கால் அங்குலம் பிசகவில்லை. முப்பது வருடம் நான் பேரேடு எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு கணக்கை அதற்கு முன் கண்டதில்லை. கயிற்றைக் கையில் எடுக்கவே தயங்கினேன்.

மீதிப் பத்தொன்பது முடிச்சுகள்தான் இடறின. அடியிலிருந்து இரண்டு முழம் உயரத்தில், விலா எலும்பே இல்லாத இடத்தில், நெருக்கமாக ஒரே கோட்டில் இருந்தன.

"இங்க எலும்பு இல்ல. தையல் எதுக்கு?" என்றார் மேஸ்திரி. "கை தவறிப் போட்டிருப்பே."

"கண்டதத்தான் முடிஞ்சேன். அங்க யாரோ கிழிசலத் தெச்சிகிறான். கலீஜான தையலு. மேல சாயம் அடிச்சி மறைச்சிகிறான்."

"அப்ப புதுத் துணியக் கீறித் தைக்கணுங்கறியா?"

"கீறினாத்தான் கணக்கு நிக்கும்."

தையலுக்குக் கைகொடுக்க வந்திருந்த கன்னியம்மா குறுக்கிட்டார். "புதுத்துணியக் கீறுவியா? ஏற்கெனவே எரிச்சது பத்தாதா?"

சான்று வராமல் துணியில் கத்தி படக்கூடாது என்று மேஸ்திரி முடித்துவிட்டார்.

புதுத் துணியைக் கணவனும் மனைவியும் தைத்தார்கள். ஒரு முழ ஊசி. அவர் இந்தப் பக்கம் குத்த, அந்தப் பக்கம் கன்னியம்மா வாங்கி, எலும்பைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"வருது."

"வாங்கிகினேன். இன்னாய்யா, தூங்கறியா?"

"ஆகாசத்துல கீறேன், கம்முனு இரு."

பதினொரு நாள் ஆயிற்று. துணியை முறுக்கேற்ற மேஸ்திரி டோப் என்ற பூச்சைப் பூசினார். கொட்டகை முழுவதும் கனிந்த வாழைப்பழ வாசம். பூச்சுக் காயக் காயத் துணி தானாக இறுகியது. விரலால் தட்டினால் பறைபோல் அதிர்ந்தது. மேற்கு வெயில் பின்னாலிருந்து விழுந்தபோது உள்ளிருந்த விலாக்கள் அத்தனையும் தெரிந்தன, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த மீனின் முள் தெரிவதுபோல. வேடிக்கை பார்க்க வந்த குப்பத்து ஆட்கள் ஒவ்வொருவராக அருகில் வந்து விலாக்களை எண்ணினார்கள். அன்று ஒருவரும் ஆகாசக் கோதண்டம் என்று கூப்பிடவில்லை. ஆனால் சுக்கானின் கழுத்தில் 'மாதிரி' என்ற பலகை தொங்கியது. கோதண்டம் அதைப் படிக்க முடியாதவர். இருந்தும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அட்டையில் இருந்த முகவரிக்கு நான் கடிதம் எழுதினேன். முதலாவது திரும்பி வந்துவிட்டது. இரண்டாவதை அந்த ஊர் மாதா கோயில் பாதிரியாருக்கு அனுப்பினேன். பெல்லின் சகோதரி பதில் எழுதினார். தம்பி கனடாவில் இருப்பதாக முகவரி தந்தார். மூன்றாவதை அங்கே அனுப்பினேன். அதில் கயிற்றைப் பற்றியோ பத்தொன்பதைப் பற்றியோ ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதினால் சான்று கெட்டுவிடும். 1944 நவம்பரில் மெட்ராஸ் கடலில் ஒரு மீனவரைத் தூக்கினீர்களா, அன்று விமானத்துக்குச் சேதம் உண்டா, உண்டென்றால் எங்கே, எப்படிச் சரி செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

பதில் ஒரு பக்கம். கொட்டகையில் மூவர் முன்னிலையில் அதைத் தமிழில் படித்தேன்.

"அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா? அவருடைய மரம் எங்கள் சுக்கானைக் குத்திக் கிழித்துவிட்டது. ஏரிக்குத் திரும்பியதும் நான்தான் தைத்தேன். அடியிலிருந்து மூன்று அடி உயரம் இருக்கும். எனக்குத் தைக்கத் தெரியாது. அந்த வாரம்தான் எனக்கு வயது பத்தொன்பது ஆனது. அதனால் விளையாட்டாகப் பத்தொன்பது தையல் போட்டேன்."

இரண்டு முழம் என்பது மூன்று அடி. நான் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோதண்டம் ஏற்கெனவே சுக்கானின் அடியிலிருந்து முழம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் முழம் முடிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் நின்றார்.

"என் மரந்தான் கிழிச்சிகீது" என்றார். "காதுல கேட்டேனே."

கன்னியம்மா அந்தப் பக்கம் போய், அதே இடத்தில் தன் கையை வைத்தார். நடுவில் துணி மட்டும் இருந்தது.

மேஸ்திரி தன் சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார். "கீறு" என்றார்.

கோதண்டம் ஒரே இழுப்பில் கீறினார். பறைபோல் இறுகியிருந்த துணி வாய் பிளந்தது. பிறகு பத்தொன்பது தையல் போட்டார். கைநேர்த்தியான மனிதர்; அந்தச் சிப்பாயைப் போலக் கோணலாகத் தைக்க அவருக்குப் பெரும்பாடாயிற்று. இருமுறை பிரித்துத் தைத்தார்.

"இன்னும் கலீஜா போடு, நைனா" என்றார் மேஸ்திரி. 

'மாதிரி' பலகையை இறக்கிவிட்டுப் புதுப் பலகை எழுத என்னிடம் கொடுத்தார்கள். சுக்கான், புழல் ஏரிக் கடல்விமானம், என்று எழுதினேன். துணி புதியது, எரிந்த துணியின் அளவுப்படி காசிமேடு கோதண்டமும் கன்னியம்மாவும் தைத்தது, என்று எழுதினேன். கீழே ஒரு தேதி வேண்டும். அவரைத் தூக்கிய தேதியைப் போடலாம் என்றார் மேஸ்திரி.

"அது எனக்குத் தெரியும்" என்றார் கோதண்டம். "மத்தவங்களுக்குத் தெரிஞ்ச தேதியப் போடுங்க. காயிதம் வந்த தேதி."

போட்டேன். 1952 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை.