புழுக்கள் போகாத பாதி

பிஸ்கட் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிதான் அது. ஜொகூர் மாநிலத்துச் செனாயில் நாங்கள் வேலை பார்த்த மண் பரிசோதனைக் கூடத்தில் அதன் நடுவே ஓர் அட்டையைச் செருகி, ஒரு பக்கம் சந்தேகப்பட்ட மண்ணையும் மறுபக்கம் நல்ல மண்ணையும் நிரப்புவோம். பிறகு அட்டையை உருவிவிட்டு, அந்தக் கோட்டின் மேல் மண்புழுக்களை விடுவோம். இரண்டு நாள் கழித்து அட்டையை மறுபடி செருகி, எந்தப் பாதியில் எத்தனை புழு என்று எண்ணிப் பார்ப்போம். அட்டைக்கு அடியில் அகப்பட்ட புழு இரு பக்கத்துக்கும் அரை அரையாகக் கணக்கு. மண்ணில் கேடு இருந்தால் புழு விலகிப் போகும் என்பதுதான் சோதனை.

இதைக் கொண்டுவந்தவர் எங்கள் தலைவி. டாக்டர் என்றுதான் எல்லோரும் அழைப்போம். சிலோன் தமிழ்க் குடும்பம், தகப்பனார் ரயில்வேயில் இருந்தவர். நான் வேதியியல் படித்தவன். ஈயம் எவ்வளவு, ஆர்செனிக் எவ்வளவு என்று இயந்திரமே சொல்லும்போது புழுவிடம் எதற்குப் போக வேண்டும் என்று வாதாடுவேன். "உம்மட மெஷின் நீர் கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும், கெமிஸ்ட். புழு கேக்காததையும் சேத்துச் சொல்லும்" என்பார். ஆனால் அவரே புழுவை முழுக்க நம்பியவரும் அல்லர். மண் புளிப்பாக இருந்தாலும் புழு விலகும், காய்ந்திருந்தாலும் விலகும். ஏன் விலகியது என்பதை நாம்தான் தேட வேண்டும். அந்தத் தேடலில் அவருக்கு இருந்த ருசி மெல்ல எனக்கும் ஒட்டிக்கொண்டது. எந்த மண்ணையும் முகர்ந்து பார்க்காமல் அவர் பெட்டியில் போட்டதில்லை.

தெப்ராவ் பக்கம் ஒரு பழைய பட்டறை நிலத்தில் வீடுகள் கட்டப் போவதாக மண் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மண் தேவைப்பட்டது. நான் முந்திக்கொண்டு, என் ஊரான சாஆவில் எங்கள் செம்பனைத் தோட்டத்து மண்ணைவிடச் சுத்தமான மண் ஜொகூரில் இல்லை என்றேன். அக்கா அந்தத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவள். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவளும் அவள்தான். தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் பின்னால் கத்தரி, வெண்டை, பசலி என்று போட்டிருந்தாள். அந்தப் பாத்தியிலிருந்தே ஒரு பை மண் கொத்தி எடுத்து வந்தேன்.

பெட்டியைப் பிரித்தபோது புழுக்கள் எல்லாம் பட்டறை மண்ணில் கிடந்தன. அக்காவின் பாதியில் ஒன்றுகூட இல்லை. டாக்டர் சிரித்தார். பெட்டிகளைத் திருப்பி வைத்தார், வெளிச்சத்தை மாற்றினார், ஈரத்தைச் சரிபார்த்தார், மண்ணின் புளிப்பையும் அளந்து பார்த்தார். அப்போதும் புழுக்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் கண்ணில் ஒரு சிறுமியின் ஆவல். சனிக்கிழமை சாஆவுக்குப் போவோம், வேறு வேறு இடத்தில் தோண்டிப் பார்ப்போம் என்றார்.

எனக்குக் காரணம் ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. அக்காவின் பாத்திக்கு மேல்புறம் பழைய மருந்து ஸ்டோர் இருந்தது. தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்திலிருந்தே புல்லுக்கு அடிக்கும் மருந்தை அங்கேதான் கலப்பார்கள். பெண்கள் பம்புகளைக் கழுவிய தண்ணீர் அந்தச் சரிவில்தான் ஓடும். டாக்டர் வந்தால் அறிக்கை எழுதுவார், அறிக்கை நிர்வாகத்துக்குப் போகும், லயத்தைக் காலி செய்வார்கள், அக்கா எங்கே போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நான் பெருமையடித்த மண் பட்டறை மண்ணிடம் தோற்றதைத் தாங்க முடியவில்லை என்பது மீதிப் பாதி.

கார் பூட்டில் களைக்கொல்லி போத்தல் ஒழுகி மண்ணில் கலந்துவிட்டது என்று பொய் சொன்னேன். டாக்டர் கடுமையாகத் திட்டினார். வேறிடத்து மண்ணை வரவழைத்து வேலையை முடித்தார். அக்காவின் மண்ணை என் இயந்திரத்தில் ஒரு காலைப் பொழுதில் நானே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கொட்டிவிட்டேன்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, சென்ற மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் டாக்டரைப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சுகம் கேட்பதற்கு முன்னால், "அந்தச் சாஆ மண்ணில மருந்து வாடை இருக்கேல்ல, கெமிஸ்ட். நான் மணந்து பாத்தனான். அது இண்டைக்கும் எனக்கு விளங்கேல்ல" என்றார். இத்தனை காலமும் அதை மனதில் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே குனிந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். "அக்காட்டச் சொன்னனீரோ?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். கையை விட்டார். மறுபடி மண் கொண்டுவரச் சொன்னார். ஆனால் எதற்கு என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் தோண்ட வேண்டும் என்றார்.

அக்கா இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். அவள் மகன் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்வதால் வீடு கையில் தங்கியது. நான் போய் இறங்கியதுமே வழக்கம்போல ஒரு பை கத்தரிக்காயைக் கட்டி காரின் பின்சீட்டில் வைத்துவிட்டாள். பாத்தியருகே நின்று சொன்னேன். சாங்கோல் மண்வெட்டியின் பிடியில் சாய்ந்தபடி கேட்டாள்.

"புழுகிட்ட கேட்டிருக்க. என்கிட்ட சொல்லல."

காரின் பின்சீட்டில் இருந்த பையைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் கட்டிக் குடுத்தேனேடா. சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"என்னா செஞ்ச?"

"ஹைவேல, மாச்சாப் ரெஸ்ட் ஏரியால நிறுத்தி குப்பைத்தொட்டில போட்டுடுவேன்."

என் மனைவிக்குக்கூடத் தெரியாத விஷயம் அது. அக்கா காரைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மண்ணைக் கொத்தி உறையில் போட்டுக் கட்டினேன். அடுப்படியில் எண்ணெய் காயும் சத்தம் கேட்டது.

உள்ளே போனபோது இரண்டு தட்டு வைத்திருந்தாள். சோறு போட்ட கையை முதல்முறையாக நேராகப் பார்த்தேன். உள்ளங்கையில் சிறுசிறு காய்ப்புகள், சாங்கோல் பிடிபடாத இடங்களிலும் இருந்தன. ரப்பர் காலத்துப் புல் மருந்தில் இருந்தது வாடையில்லாத ஆர்செனிக். அது உடம்பில் சேர்ந்தாலும் இப்படி வரும் என்று படித்தவன் நான். வயதாலும் வரலாம். பார்த்தால்தான் தெரியும்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா. கையைக் காட்டணும்."

கத்தரிக்காய்ப் பிரட்டலை என் தட்டில் நிறைய வைத்தாள்.

"போலாம். மொதல்ல சாப்பிடு" என்றாள்.

சாப்பிட்டேன்.