காற்றோட்டத்துக்கு ஒரு யன்னல்

சண்டைக்காலத்தில் நான் ஆரையம்பதிப் பக்கம் சுகாதாரப் பரிசோதகராக இருந்தேன். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் வீடுகளைப் பார்த்து அனுமதி கொடுப்பதும் என் வேலை. ஊரே எரிந்துகொண்டிருக்க, குசினியில் இலையான் மொய்க்கிறதா என்று பார்த்துத் திரிந்தவன் நான். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். சண்டை முடியட்டும் என்று வயிற்றோட்டம் காத்திருக்காது.

இடியப்பம் அவிக்கும் ஒருத்தியின் வீட்டில் குசினி முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தது. சட்டி பானையெல்லாம் பளிச்சென்று இருந்தன. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். அதில் அவளுடைய கணவர். ஷெல் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே இயங்காமல் போனவர். சமைக்கும் இடத்தில் ஆள் படுக்கக் கூடாது என்பது சட்டம்.

“கட்டிலை வீட்டுக்குள்ள கொண்டு போங்க. இல்லாட்டி அனுமதி தரமாட்டன்,” என்று எரிந்து விழுந்தேன்.

“இடியப்பத்த விட்டா எங்களுக்கு வேற வழியில்ல ஐயா. ஆனா வெடிச்சத்தம் கேட்டா இவருக்கு உடம்பெல்லாம் நடுங்கும். கையைப் பிடிச்சாத்தான் அடங்கும். வெடி பறக்கக்குள்ள முத்தத்தைத் தாண்டி நான் எப்பிடி ஓடுற?”

 எனக்குச் சட்டத்தின் மேல்தான் கோபம் வந்தது. ஆனால் வேலை செய்யும் இடத்துக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். குசினியை நடுவில் மண்சுவர் வைத்துப் பிரிக்கச் சொன்னேன். அவருக்குத் தனி வாசல். சுவரில், மரக்கதவு போட்ட ஒரு சின்ன யன்னல், கட்டிலின் உயரத்துக்கு. அனுமதியும் கொடுத்தேன்.

பிறகொரு நாள் புளியந்தீவுக் கந்தோரிலிருந்து மேலதிகாரி சோதனைக்கு வந்தார். எதையும் துருவித் துருவிப் பார்க்கிற மனிதர். அவர் சரிவராது என்று தலையை ஆட்டினால் அவளுடைய அடுப்பு அணைந்துவிடும்.

“யன்னலை ஏன் இவ்வளவு கீழ பதிச்சு வச்சிருக்கு?”

“காற்றோட்டத்துக்கு சேர்.”

“ஆருக்கு, முழங்காலுக்கா?”

குந்தியிருந்து, யன்னல் கதவைத் தள்ளிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வாவிப் பக்கம் படபடவென்று வெடிச்சத்தம். அடுப்படியிலிருந்து அவள் ஓடி வந்தாள். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து நடுங்குகிற கை ஒன்று அதிகாரியின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டது.

அவர் கையை இழுக்கவில்லை. சத்தம் ஓயும்வரை அப்படியே குந்தியிருந்தார்.  பிறகு மெல்லக் கையை விடுவித்து, யன்னலைச் சாத்தினார்.

“காற்றோட்டத்துக்கு இது காணும்,” என்றார்.