கெசியா அடித்த கையெழுத்து

1911 என்றாலே எல்லோரும் ராஜாவின் முடிசூட்டு விழாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு அந்த வருஷம் என்பது பக்கத்து வீட்டு கெசியா ஆர்மராட்தான். இங்கிலாந்தில் எங்கள் பர்ன்லி ஊர் நெசவாலையில் நான்கு தறி ஓட்டியவள். கணவன் செத்தபின் ஐந்து பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்தவள்.

ஏப்ரலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை என்று அதில் ஒரு கேள்வி. ஒன்பது, ஐந்து, நான்கு என்று எழுதினாள். இறந்த நால்வரின் பெயர்களையும் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். படிவத்தை வாங்க வந்த கணக்கெடுப்பாளர் பில்லிங் படித்துப் பார்த்தார்.

"ஆல்பர்ட்னு ரெண்டு தடவை எழுதியிருக்கீங்களேம்மா?"

"மொத ஆல்பர்ட் போயிட்டான். அவன் பேரையே அடுத்தவனுக்கு வச்சேன். அவனும் போயிட்டான்."

"எப்படியும் இதெல்லாம் வேண்டாம். புருஷன் இருக்கறவங்களுக்குத்தான் இந்தக் கேள்வி. நீங்க விதவை."

சிவப்புப் பென்சிலால் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் அடித்தார்.

"ஏன்யா, அவர் செத்துட்டா நான் பெத்ததும் இல்லைன்னு ஆயிடுமா?"

"நான் என்னம்மா பண்றது? சட்டம் அப்படி."

கெசியா அந்தப் பென்சிலைப் பிடுங்கித் தன் கையெழுத்தின் மேலேயே கோடு கிழித்தாள்.

"ஐயோ, கையெழுத்து இல்லைன்னா கோர்ட்டுக்கு இழுப்பாங்கம்மா!"

"இழுக்கட்டும். அங்க வந்து நாலு பேர் பேரையும் சத்தமா சொல்றேன். எந்தப் பென்சிலால அடிப்பீங்கன்னு பாக்கறேன்."