பகல் பதினோரு மணிக்கு யார் இருக்கா?

"ஏழு… எட்டு… ஒம்பது கொஞ்சம் ஒசரம்… பத்து."

எண்ணிக்கொண்டே ஏறுகிறாள் செல்லத்தாய். இடது தோளில் நாலாக மடித்த சணல் சாக்கு, அதன்மேல் நிறைந்த கேஸ் சிலிண்டர். முப்பது கிலோ. சேலைக்கு மேலே காலர் நைந்த ஆண்பிள்ளைச் சட்டை. மூன்றாவது மாடி வாசலுக்கு வந்ததும், மூச்சு வாங்காமல், "ஓடிபி சொல்லுங்க" என்கிறாள். அவள் சிலிண்டரை இறக்குகிற அழகைப் பார்க்க வேண்டும். தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து தொடை, தொடையிலிருந்து தரை. துளி சத்தம் வராது. வைத்த பிறகு அதன் தலைமேல் உள்ளங்கையை வைத்து ஒரு நொடி நிற்பாள். ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் கையை எடுப்பாள்.

ராஜபாளையத்தில் பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. புருஷன்தான் முதலில் சிலிண்டர் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகு விட்டுப்போனபோது, "ஒரு வாரம் நான் போட்டுத் தாரேன்" என்று எக்ஸ்எல் வண்டியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போய் நின்றாள். அங்கிருந்த ஆம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

தெருப் பெயர் சொன்னால் அவளுக்குச் சட்டென்று பிடிபடாது. படியைச் சொன்னால் போதும். "பதினேழு படி வீடா? குனிஞ்சு போற வீட்டுக்கு எதுத்தாப்புலயா?" என்பாள். ராஜூக்கள் வீட்டு வாசலில் மட்டும் "கேஸ் வச்சிந்தி!" என்று குரல் தெலுங்குக்கு மாறும். எந்த வீட்டில் எத்தனை மணிக்கு ஆள் இருக்கும், எந்தத் தெருவில் கூப்பிட்ட குரலுக்குக் கதவு திறக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதனால் மில், பேங்க், பள்ளிக்கூடம் என்று வேலைக்காக இந்த ஊருக்கு மாறி வருகிறவர்கள் புரோக்கரைப் பார்ப்பதற்கு முன்னால் இவளைப் பார்க்கிறார்கள். அதற்குக் கூலி, சீனி தூக்கலாக ஒரு டீ.

நம்பி அப்படி வந்தவன்தான். திருப்பூரிலிருந்து இங்கே ஒரு நூல் மில்லில் தர ஆய்வுப் பிரிவுக்கு வந்திருந்தான். உடன் வேலை பார்க்கும் ஞானதுரையின் மூன்றாவது மாடி வீட்டில் தற்காலிக ஜாகை. மனைவி ஜனனிக்கு நரம்புக் கோளாறு. ஆறு வருடமாகச் சக்கர நாற்காலி. அவளை அழைத்து வருவதற்குள் வீடு பிடித்தாக வேண்டும்.

இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தான். ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், ஊரை விட்டு விலகி, புதிதாக முளைத்த மகிழம்பூ நகரில். தரைத்தளம், படியே கிடையாது, ஜன்னலைத் திறந்தால் மலை. இன்னொன்று ஊருக்குள்ளே, காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு தையல் கடையின் மாடி. சத்தம், நெரிசல், பதினாலு படி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? படியில்லாத வீடுதான்" என்றான் நம்பி, சிலிண்டர் போட வந்தவளிடம் எல்லா விவரமும் சொல்லிவிட்டு.

செல்லத்தாய் டீயை உறிஞ்சினாள். "பகல்ல அவிய கூட யாரு இருப்பா?"

"யாரும் இல்லை. காலையில சமைச்சு எல்லாம் எடுத்து வெச்சிட்டுப் போயிருவேன்."

"அப்போ நாளைக்குப் பகல் பதினோரு மணிக்கு வாங்க. வீட்டைச் சாயங்காலம் பாக்கக் கூடாது சார். சாயங்காலம் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்."

மறுநாள் மகிழம்பூ நகர் வெயிலில் பளபளவென்று கிடந்தது. அகலமான சாலை, புது பெயிண்ட், வாசலுக்கு வாசல் செம்பருத்தி. செல்லத்தாய் வண்டியை நிறுத்தினாள்.

"கூப்பிடுங்க சார்."

"யாரை?"

"யாரையாச்சும். விழுந்து கெடந்தா எப்பிடிக் கூப்பிடுவாவளோ, அப்பிடி."

நம்பிக்கு வெட்கமாக இருந்தது. அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "யாராவது வாங்களேன்!" என்று கத்தினான். ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. இன்னும் சத்தமாகக் கத்தினான். ஈ காக்கை இல்லை. பதினெட்டு வீட்டிலும் பூட்டு. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"ராத்திரி ஏழு மணிக்கு வந்தா நெறைய ஆள் இருக்கும்" என்றாள் செல்லத்தாய். "நான் பதினோரு மணிக்கு வாரவ. எனக்கு இது தெரியும்."

நம்பி ஞானதுரையிடம்கூடச் சொல்லாததை அந்த வெயிலில் நின்று சொன்னான். "போன வருஷம் திருப்பூர்ல இதே மாதிரி தரைத்தள வீடு. குளியலறை வாசல்ல விழுந்துட்டா. போன் கைக்கு எட்டலை. நான் வர்ற வரைக்கும், நாலு மணி நேரம், தரையில கிடந்திருக்கா. கத்தி கத்தித் தொண்டை கட்டிப்போச்சு."

செல்லத்தாய் வண்டியை உதைத்துக் கிளப்பினாள். "பின்னாலேயே வாங்க."

மார்க்கெட்டுத் தெருவுக்கு வந்ததும் அவள் அவனைக் கூப்பிடச் சொல்லவில்லை. மாடி வீட்டின் சாவியை வாங்கி, அவனையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், உள்ளே குளியலறை வாசலில் தானே நின்றாள். ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. "ஐயோ!" என்று ஒரே ஒரு குரல்தான் கொடுத்தாள்.

அடேயப்பா! தடதடவென்று படி அதிர்ந்தது. கழுத்தில் டேப்போடு டெய்லர் வல்லரசு முதலில் வந்து நின்றார். பின்னாலேயே காஜா எடுக்கிற இரண்டு பெண்கள். எதிர்வீட்டிலிருந்து கையில் கரண்டியோடு ஓர் அம்மாள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர். நம்பி எண்ணினான்: ஐந்து பேர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஒண்ணுமில்ல, போங்க. சார் வீடு பாக்க வந்திருக்காவ" என்றாள் செல்லத்தாய், சாவதானமாக.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அடுப்புல கொழம்பு கெடக்கு!" என்று கரண்டி அம்மாள் வைதுகொண்டே இறங்கிப் போனாள். எத்தனை இரவு நம்பி உட்கார்ந்து இணையத்தில் வீடு தேடியிருப்பான்! சதுர அடி பார்த்தான், தண்ணீர் பார்த்தான், காற்று பார்த்தான். இது அவன் புத்தியில் படவே இல்லை.

ஆனாலும் பயம் விடவில்லை. "பதினாலு படி இருக்கேம்மா. ஆஸ்பத்திரிக்கு இறக்கணும்னா?"

"படி எம் பாடு. இந்தத் தெருவுல தெனமும் ஏத்தி எறக்குறேன். ஒரு போன் போடுங்க." வாசலைத் தாண்டியவள் திரும்பினாள். "ஆமா, எந்த வீடு வேணும்னு அவியட்ட கேட்டியளா?"

நம்பி கேட்கவில்லை. மலை தெரிகிற வீடு ஜனனிக்குப் பிடிக்கும் என்று அவனே முடிவு செய்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜனனி வந்தாள். மகிழம்பூ நகரில் காருக்குள் இருந்தபடியே மலையைப் பார்த்தாள். அன்று தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. ஆனாலும் நம்பி பதினோரு மணிக் கதையை ஒளிக்காமல் சொல்லிவிட்டான். "நல்ல மலை" என்றாள் ஜனனி. பிறகு, "அமைதியா இருக்கும்னு சொல்றீங்க. நான் ஆறு வருஷமா அமைதியாத்தான் இருக்கேன்" என்றாள். நம்பி டிரைவரிடம் காரை ஊருக்குள் விடச் சொன்னான்.

தையல் கடை வாசலில் செல்லத்தாய் காத்திருந்தாள். நாற்காலியோடு சேர்த்துத் தூக்கலாம் என்று நம்பியும் ஞானதுரையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். "தள்ளுங்க சார், ரெண்டு பேரும் படியை ஒண்ணா மிதிக்க மாட்டிய" என்று விரட்டினாள். ஜனனியைக் கடைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, நாற்காலியை மட்டும் மேலே கொண்டுபோய், தெருவைப் பார்த்த வராந்தாவில் போடச் சொன்னாள். பிறகு ஜனனி முன்னால் குனிந்தாள்.

"எம்புட்டு வெயிட்டு தாயி?"

"நாப்பத்து நாலு."

"ஒண்ணரை சிலிண்டர்" என்றதும் ஜனனி சிரித்துவிட்டாள்.

அன்று தோளில் சாக்கு இல்லை. கடை மடிப்புக் கலையாத ஒரு புதுத் துண்டைப் போட்டிருந்தாள். ஜனனியை முதுகில் வாங்கி, இரண்டு கைகளையும் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஏறினாள். "ஒண்ணு… ரெண்டு…" கீழே வல்லரசு மிஷினை நிறுத்திவிட்டு நின்றார். ஐந்தாவது படியில் ஜனனியின் குரலும் சேர்ந்துகொண்டது. பத்துக்கு மேல் ஜனனி மட்டும்தான் எண்ணினாள். பின்னால் கைகளை நீட்டியபடியே ஏறிய நம்பிக்கு, நீட்டிய கைகளுக்கு வேலையே வரவில்லை என்பது பதினாலாவது படியில்தான் உறைத்தது. இப்படி ஒரு மனுஷி இருக்கிறாளே என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது, கண்ணும் கலங்கியது.

வராந்தாவில் நாற்காலி காத்திருந்தது. முதுகிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து தொடை, தொடையிலிருந்து நாற்காலி. துளி சத்தம் வரவில்லை. ஜனனி கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தாள். கரண்டி அம்மாள் எதிர் வாசலிலிருந்து, "வந்தாச்சா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"வந்தாச்சு!" என்று ஜனனியும் கத்தினாள்.

செல்லத்தாய் அவள் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து ஒரு நொடி நின்றாள். பிறகு கையை எடுத்தாள்.