அந்தோணிசாமி அண்ணன் குனிந்த நாள்

செவ்வாய்க்கிழமை காலையில் திண்டிவனத்திலிருந்து போன் வந்தது. "அப்பா போயிட்டாருங்க சித்தப்பா. தூக்கத்துலயே" என்றாள் ஸ்டெல்லா, டிரைவர் அந்தோணிசாமியின் மகள். நம் டெப்போவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் நானே கூப்பிட்டுச் சொன்னேன். ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதனால் நானும் இதை அழுதுகொண்டே எழுதப்போவதில்லை.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரம்–திண்டிவனம் வண்டியில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். அவருக்கு வயது நாற்பத்திரண்டு, எனக்கு நாலு குறைவு. இன்ஜின் சூட்டிலும் கிளட்ச் மிதியிலும் பதினைந்து வருஷம் உட்கார்ந்து அவர் இடுப்பு போயிருந்தது. ட்ரிப் முடிந்ததும் நான் டிரைவர் பக்கம் ஓடிப்போய் அவரைத் தாங்கி இறக்குவேன். ஒருநாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர், கதவைப் பிடித்தபடி பத்து நிமிஷம் நகர முடியாமல் நின்றார். "காலையிலியே ஊத்திக்கினு வந்து வண்டி ஓட்றான் பாரு" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர். அன்றைக்கு அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஆபரேஷன் வேண்டாம், முறையாக உடற்பயிற்சி செய்து பாருங்கள் என்றார். கிளை மேலாளர் மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் ஸ்டியரிங் கிடையாது, கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுத வேண்டியதுதான். "எழுதறதுக்காய்யா நான் பொறந்தேன்?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார்.

திண்டிவனத்தில் அப்போது பார்வதி என்ற டிரில் டீச்சர், பள்ளி வராந்தாவில் காலை ஆறு மணிக்கு யோகா சொல்லிக்கொடுத்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். அண்ணன் மாலை டூட்டி மாற்றி வாங்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். அண்ணிக்கு ஒரு தயக்கம்: "நாம மாதா கோயிலுக்குப் போறவங்க, இதெல்லாம் செய்யலாமா?" பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டார்கள். "முதுகும் ஆண்டவர் கொடுத்ததுதாம்மா, போய்ச் சரி பண்ணிக்கட்டும்" என்று அவர் அனுப்பிவைத்தார்.

முதல் மாதம் முழுக்க மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சு விடுவது மட்டும்தான். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "மூச்சு உடறதுக்கு ஒரு கிளாஸா டீச்சர்?" என்றாராம். "வலி வர்றப்ப நீங்க மூச்சையே விடறதில்ல சார். அதை மொதல்ல கத்துக்குங்க" என்றாராம் அவர். அன்று முழுக்க வண்டியில் அண்ணன் என்னிடம் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். "உண்மைதான்! பள்ளம் வந்தா மூச்சைப் புடிச்சிக்கினுதான்யா இருந்துகீறேன். பதினஞ்சு வருஷமா!"

இரண்டாவது மாதம் அவருக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. திண்டிவனம் ஸ்டாண்டில் கிடைக்கும் பத்து நிமிஷத்தையும் விடமாட்டார். ஒருநாள் கடைசி நீள சீட்டில் துண்டை விரித்துக் குப்புறப் படுத்து, பாம்பு படமெடுப்பதுபோல் நெஞ்சைத் தூக்கினார். வேர்த்து, முகம் சிவந்து, கை நடுங்கியது. 'மல்லாட்டை, மல்லாட்டை' என்று வேர்க்கடலை விற்க ஏறிய அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு, "ஐயோ, டிரைவருக்கு வலிப்பு வந்துடுச்சி!" என்று கத்தினார். நாலு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் சாவிக்கொத்தை அண்ணன் கையில் திணித்தே விட்டார். தூக்கிய தலையை இறக்காமல் அண்ணன் சொன்னார்: "எம்மா, உசுரோடதான் கீறேன். இன்னும் ரெண்டு மூச்சு பாக்கி, உடு."

மூன்றாவது மாதம் அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் வண்டி. மேலாளரே ஸ்டாண்டில் நின்று, "அந்தோணி, முடியுமா? இல்லன்னா இப்பவே சொல்லிடு" என்றார். அண்ணன் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

பிற்பகல் வெயில். ஃபுட்போர்டு வரை கூட்டம். செஞ்சி தாண்டி வளத்திக்கு அப்பால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. இரண்டு மணி நேரம் கிளட்சை மிதித்து மிதித்து ஊர்ந்தோம். டிக்கெட் போட்டுக்கொண்டே நான் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மிதிக்கும் மூச்சை நீளமாக விட்டுக்கொண்டிருந்தார். ஊர் வந்தது. வழக்கம்போல நான் தாங்கிப் பிடிக்க ஓடினேன். "நகருய்யா" என்று சொல்லித் தானே இறங்கினார்.

அப்போது ஒரு வயதான அம்மாளின் தட்டிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு அவர் காலடியில் விழுந்தது. அண்ணன் குனிந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார்.

"யோவ், நான் குனிஞ்சனா?"

"குனிஞ்சீங்கண்ணே!"

"இரு, இன்னொரு வாட்டி." அந்தப் பழத்தை வாங்கிக் கீழே போட்டார். குனிந்து எடுத்தார். மறுபடியும் போட்டார். "சாமிக்கு வெச்ச பழத்தை வெச்சிக்கினு வெளையாடறியா?" என்று அந்த அம்மாள் அவர் முதுகிலேயே ஒன்று வைத்தார். அந்த முதுகில்! அண்ணன் சிரித்தார், நான் விசிலை ஊதினேன், வண்டியிலிருந்தவர்கள் எதற்கென்றே தெரியாமல் கை தட்டினார்கள். இரண்டு வருஷத்தில் அவர் குனிந்து தரையைத் தொட்டது அன்றைக்குத்தான்.

அதன்பின் வலி அவரை அடியோடு விட்டுவிடவில்லை. மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும். பயிற்சியை நாலு நாள் விட்டால் திரும்பி வரும். ஆனால் ஓய்வு பெறும்வரை ஸ்டியரிங்கை விடாமல் ஓட்டினார். நம் டெப்போவிலிருந்து இன்னும் ஆறு டிரைவர்களை அவரே இழுத்துக்கொண்டு போய்ப் பார்வதி டீச்சர் முன்னால் படுக்க வைத்தார். யாராவது "வலி எப்படி இருக்கு?" என்று விசாரித்தால் அவருக்குக் கோபம் வரும். "அதைக் கேக்காத. கேட்டா அதுக்குப் பெருமையாயிடும். இன்னிக்கி இன்னா முடிஞ்சிதுன்னு கேளு, சொல்றேன்" என்பார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். என் மனைவிக்குச் சில வருஷங்களாக மூட்டு வலி. அடக்கம் முடிந்து திண்டிவனத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலை, எப்போதும் கேட்பதை விட்டுவிட்டு, "இன்னிக்கி இன்னா முடிஞ்சிது?" என்று கேட்டேன். மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் மலரச் சொன்னாள்: "கைப்பிடியைப் புடிக்காம மாடிப்படி மூணு ஏறிட்டேங்க!"